காலேஜ் ஃபுட்பால் அசிஸ்டென்ட் கோச்சுங்க எல்லாம் எங்கேர்ந்து வர்றாங்க?

ப்ளேனோ பிரபு:
எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸ் வந்தப்புறம் சனிக்கிழமைன்னாலே காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்தான்)னு ஆயிடுச்சு, ஆட்டமும் ஓரளவு புரிஞ்சிடுச்சு. ஆனா டிசம்பர் வந்தா ஆரம்பிக்கிற இந்த கோச் மாத்துற கூத்துதான் இன்னும் புரியல. ஹெட் கோச் மாறினா நியூஸ், சரி. ஒரு ரன்னிங் பேக் கோச் ஒரு ஊர விட்டு இன்னொரு ஊருக்கு போனா ஆபீஸ்ல அரை மணி நேரம் சண்டை நடக்குது. யாருடா இவங்கல்லாம்னு பயோ எடுத்து படிச்சா தலை சுத்துது. ஒருத்தர் டயர் கம்பெனில இஞ்சினியர், ஒருத்தர் ஷாப்பிங் சென்டர்ல கடைக்கு ஆள் புடிச்சிட்டு இருந்தவரு, ஒருத்தர் வக்கீலுக்கு படிச்சிட்டு ஃபின்லாந்துல போய் கோச் பண்ணிருக்காரு. பெரிய ப்ளேயரா இருந்தவங்கதான் கோச் ஆவாங்கன்னு நினைச்சிட்டு இருந்தேன். நிஜமா இந்த வேலைக்கு எப்படி உள்ள வர்றாங்க, யாரு எடுக்குறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாலாவதுடவுன்:
முதல்ல ஸ்டாஃப் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன், அப்பதான் மத்தது புரியும். ஹெட் கோச்சுக்கு கீழ முழுநேர அசிஸ்டென்ட் 10 பேரு, 2018-க்கு முன்னாடி 9. அதுல அஃபென்ஸுக்கு (பந்து கையில இருக்கும்போது ஆடற பக்கம்) ஒரு கோஆர்டினேட்டர், டிஃபென்ஸுக்கு (தடுக்கற பக்கம்) ஒரு கோஆர்டினேட்டர், மீதி பேரு பொசிஷன் கோச்சு. குவார்ட்டர்பேக்குக்கு (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்தறவரு) ஒருத்தர், லைனுக்கு (முன் வரிசை) ஒருத்தர்னு. அதுக்கும் கீழ ஜிஏ, அதாவது கிராஜுவேட் அசிஸ்டென்ட். மாஸ்டர்ஸ் படிச்சிட்டே வேலை பாக்குற பசங்க, ஃபீஸ் கிடையாது, கைச்செலவுக்கு கொஞ்சம் பணம். இது போக அனலிஸ்ட்னு ஒரு கூட்டம். அவங்க முன்னாடி ஃபீல்டுல வாயத் திறந்து சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு என்சிஏஏ (காலேஜ் விளையாட்டுகள நடத்தற சங்கம்) ரூல் இருந்துச்சு, 2024 ஜூன்ல மேல்மட்ட டிவிஷன்ல அத எடுத்துட்டாங்க. வெளியூர் போய் ரெக்ரூட் பண்றதுக்கு (ஹை ஸ்கூல் பசங்கள டீமுக்கு இழுக்கறதுக்கு) மட்டும் இன்னும் ஆள் கணக்கு இருக்கு.

ஜிஏதான் வாசல். மேட்ச் வீடியோ பிரிச்சு எழுதணும், எதிர் டீம் ஆடற ப்ளே (முன்னாடியே போட்டு வச்ச ஆட்டத் திட்டம்) எல்லாம் கார்டுல வரையணும், ரெக்ரூட் வந்தா ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுத்துட்டு போகணும், கோச்சுங்களுக்கு சாப்பாடு வாங்கணும். கோடம்பாக்கத்துல அசிஸ்டென்ட் டைரக்டரா சேர்ற மாதிரின்னு வச்சுக்கங்க, எந்த ஆபீஸ்ல யாருகிட்ட சேர்ந்தீங்கன்றதுதான் பின்னாடி பேசும்.

ஏதென்ஸ்வாசி:
கடைசி வரி கரெக்டு தல. ஜார்ஜியா யுனிவர்சிட்டி ஹெட் கோச் கிர்பி ஸ்மார்ட் பயோவ எடுத்துக்கங்க, ஊருக்கே தெரிஞ்ச ஆளு, ஆனா அவரு வந்த வழிய யாரும் ஒழுங்கா பாக்கறதில்ல.

அப்பா சானி ஸ்மார்ட், தெற்கு ஜார்ஜியால பெயின்பிரிட்ஜ்ல ஹை ஸ்கூல் கோச். பையன் ஜார்ஜியா டீம்ல சேஃப்டி (டிஃபென்ஸ்ல கடைசி வரிசை) ஆடினாரு, ஃபைனான்ஸ் டிகிரி, 1999-ல என்எஃப்எல் (ப்ரொஃபஷனல் லீக்) டீம் இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ்ல சீசனுக்கு முன்னாடி இருந்துட்டு வெளிய வந்துட்டாரு. ஜார்ஜியாலயே ஒரு ஆபீஸ் வேலை பாத்துட்டு 2000-ல வால்டாஸ்டா ஸ்டேட்டுக்கு போறாரு. அது ரெண்டாவது டிவிஷன் காலேஜ், டிவில வராது. அங்க டிஃபென்ஸ் கோஆர்டினேட்டரா இருந்தது யாருன்னா வில் மஸ்சாம்ப், அவரும் ஜார்ஜியால ஸ்காலர்ஷிப் இல்லாம வாக்-ஆனா சேர்ந்து ஆடின சேஃப்டி. அடுத்த வருஷம் மஸ்சாம்ப் எல்எஸ்யூல (லூசியானா ஸ்டேட்) ஹெட் கோச் நிக் சேபன்கிட்ட போயிட்டாரு, கிர்பி 2001-ல அந்த கோஆர்டினேட்டர் நாற்காலில உக்காந்துட்டாரு.

இங்கதான் பாருங்க. கோஆர்டினேட்டரா இருந்த ஆளு 2002-ல ஃப்ளோரிடா ஸ்டேட்ல போய் ஜிஏவா சேர்றாரு! கீழ இறங்கி, மறுபடி கார்டு வரையற வேலை. ஏன்னா அங்க பாபி பௌடன் ஹெட் கோச், மிக்கி ஆண்ட்ரூஸ் டிஃபென்ஸ். ரெண்டு வருஷம் அங்க இருந்துட்டு 2004-ல எல்எஸ்யூ, டிஃபென்ஸ் பேக்ஸ் கோச். யாரு உள்ள கூட்டிட்டு போனது? அதே மஸ்சாம்ப். அங்க சேபன் கண்ணுல பட்டாரு. 2005 ஒரு வருஷம் ஜார்ஜியாக்கு ரன்னிங் பேக்ஸ் கோச்சா வந்துட்டு போனாரு, 2006-ல சேபன் மயாமி டால்ஃபின்ஸ்ல இருந்தப்ப கூப்பிட்டாரு, 2007-ல அலபாமா, 2008-லேர்ந்து 2015 வரைக்கும் அங்க டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர். அப்புறம் ஜார்ஜியா ஹெட் கோச், 2021, 2022 ரெண்டு சீசனும் சாம்பியன். 2020 கடைசில சவுத் கரோலினா மஸ்சாம்ப தூக்கினப்ப அவரு எங்க வந்தாருன்னு நினைக்கறீங்க? கிர்பிகிட்டதான், ஜார்ஜியாக்கு. அன்னைக்கு கை குடுத்தவருக்கு இவரு நாற்காலி போட்டாரு.

சந்தேகம் சங்கர்:
கோஆர்டினேட்டர் வேலைய விட்டுட்டு சாப்பாடு வாங்குற வேலைக்கா?? நம்ம கம்பெனில டீம் லீடா இருந்தவன் ட்ரெய்னியா சேருவானா??

ஏதென்ஸ்வாசி:
சேருவான், அந்த ட்ரெய்னி சீட்டு யாரு ரூமுக்கு பக்கத்துலன்றத பொறுத்து. இவரு ஒருத்தர் மட்டும் இல்ல சங்கர். ஆரெகன் ஹெட் கோச் டேன் லேனிங் இருக்காரே, மிசௌரில வில்லியம் ஜுவல்னு ஒரு சின்ன காலேஜ்ல லைன்பேக்கர் (டிஃபென்ஸ்ல நடு வரிசை) ஆடினவரு, அப்புறம் ஹை ஸ்கூல் கோச். 2011-ல டாட் கிரஹாம் பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டிக்கு வந்தப்ப, யாரும் கூப்பிடாமலே ராத்திரி முழுக்க கார் ஓட்டிட்டு போய் வாசல்ல நின்னு வேலை கேட்டவரு. உள்ள சேர்த்துக்கிட்டாங்க. அப்புறம் அரிசோனா ஸ்டேட், 2014-ல சாம் ஹூஸ்டன் ஸ்டேட்ல முழுநேர கோச். 2015-ல அத விட்டுட்டு அலபாமால ஜிஏ! அப்ப அங்க டிஃபென்ஸ் பாத்துக்கிட்டது கிர்பி. 2016-ல மெம்ஃபிஸ், அங்க ஹெட் கோச் மைக் நார்வெல், அரிசோனா ஸ்டேட் பழக்கம். 2018-ல ஜார்ஜியா, கிர்பிகிட்ட. 2019-லேர்ந்து டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர், 2021 டிசம்பர்ல ஆரெகன். ஒரு படி கூட தானா கிடைக்கல, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு ஆளு.

கொலம்பஸ் கார்த்தி:
அதெல்லாம் சரிங்க, ஆனா ஆடினவனுக்கு உள்ள மதிப்பே தனி. மார்கஸ் ஃப்ரீமன பாருங்க, எங்க ஒஹாயோ ஸ்டேட் லைன்பேக்கர், 2009-ல என்எஃப்எல் டிராஃப்ட்ல (புது ப்ளேயருங்கள டீமுங்க பிரிச்சு எடுக்கறது) சிகாகோ பேர்ஸ் அஞ்சாவது ரவுண்டுல எடுத்தாங்க, இதயம் பெருசா இருக்குன்னு டாக்டர் சொன்னதுல கேரியர் முடிஞ்சுது. அதோட 2010-ல ஒஹாயோ ஸ்டேட்ல ஜிஏ. கென்ட் ஸ்டேட், பர்டியூ, சின்சினாட்டி, அப்புறம் நோட்டர் டேம்ல டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர், ஒரே சீசன்ல ஹெட் கோச். ரெக்ரூட் வீட்டுக்கு போய் உக்காந்தா "நான் இத ஆடிருக்கேன் தம்பி"ன்னு சொல்ல முடியுதில்ல, அத யார்கிட்டயும் கடன் வாங்க முடியாது.

ஏதென்ஸ்வாசி:
கார்த்தி, நீங்களே என் கட்சிக்கு பாயிண்ட் எடுத்து குடுக்கறீங்க. கென்ட் ஸ்டேட்டுக்கு கூட்டிட்டு போனது டாரெல் ஹேசல், ஒஹாயோ ஸ்டேட்ல அசிஸ்டென்டா இருந்தவரு. ஹேசல் பர்டியூ போனதும் இவரும் கூடவே போனாரு. சின்சினாட்டிக்கு கூப்பிட்டது லூக் ஃபிக்கல், ஃப்ரீமன் ஆடின காலத்துல லைன்பேக்கர்ஸ் கோச். ஆடினது உள்ள நுழைய உதவிச்சு, நான் இல்லன்னு சொல்லல. படி ஏத்தினது பழகின ஆளுங்க.

கொலம்பஸ் கார்த்தி:
ஆடலன்னா அந்த பழக்கமே வந்திருக்காதே சார்.

லப்பக் லட்சுமணன்:
ஆடாமலும் வரும்னு நான் சொல்றேன், பெரிய போஸ்ட்டுதான், பொறுத்துக்கங்க. பிரபு கேட்ட வக்கீல் யாருன்னா மைக் லீச், எங்க டெக்சாஸ் டெக்ல 2000-லேர்ந்து 2009 வரைக்கும் இருந்தவரு. காலேஜ்ல ஃபுட்பாலே ஆடல, பிஒய்யூல (பிரிகாம் யங் யுனிவர்சிட்டி) ரக்பி. பெப்பர்டைன்ல 1986-ல சட்டப் படிப்ப முடிச்சிட்டு, கல்யாணம் ஆகி குழந்தையும் இருக்கற மனுஷன், கோர்ட்டுக்கு போகாம கோச் ஆகறேன்னு கிளம்பிட்டாரு. 1987-ல கால் பாலின்னு ஒரு காலேஜ்ல முதல் வேலை, சம்பளம் 3,000 டாலர், மாசத்துக்கு இல்ல, மொத்தமே அவ்ளோதான். அப்புறம் கலிபோர்னியா பாலைவனத்துல ஒரு ஜூனியர் காலேஜ், 1989-ல ஃபின்லாந்துல போரின்னு ஒரு ஊரு டீமுக்கு ஹெட் கோச்.

அந்த வருஷமே அயோவா வெஸ்லியன்ல ஹால் மம்மி கூட சேர்ந்தாரு, அங்கேர்ந்துதான் கதை. மம்மி யாருன்னா டெக்சாஸ்ல காப்பரஸ் கோவ்னு ஒரு ஹை ஸ்கூல்ல கோச்சா இருந்தவரு. முந்தின சீசன்ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்காத காலேஜ எடுத்துக்கிட்டு, பிஒய்யூல லவெல் எட்வர்ட்ஸ் ஓட்டின பாஸ் ஆட்டத்த பாத்து பாத்து கத்துக்கிட்டு, பாதி ப்ளேய தூக்கிப் போட்டுட்டு மீதிய ஆயிரம் தடவ பழக்கிப் பழக்கி ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு உருவாக்குனாங்க, அதுதான் இன்னைக்கு ஏர் ரெய்டுன்னு எல்லா டீமும் ஆடறது. அயோவால மூணு சீசன், 1992-லேர்ந்து வால்டாஸ்டா ஸ்டேட், ஆமா, ஏதென்ஸ்வாசி மேல சொன்ன அதே வால்டாஸ்டாதான்! கிர்பி போனப்ப ஹெட் கோச்சா இருந்த கிறிஸ் ஹேச்சர், மம்மிகிட்ட குவார்ட்டர்பேக்கா ஆடினவரு. டானா ஹோல்கர்சனும் அங்க கோச்சா இருந்தவருதான்.

1997-ல மம்மி கென்டக்கிக்கு போறாரு, லீச்சும் கூட. ஃப்ளோரிடால டிஃபென்ஸ் கோஆர்டினேட்டரா இருந்த பாப் ஸ்டூப்ஸ் கென்டக்கிய எதிர்த்து ஆடி, இத தடுக்கறது எவ்வளவு கஷ்டம்னு நேர்ல பாத்தவரு. 1999-ல ஓக்லஹோமா ஹெட் கோச் ஆனதும் லீச்ச கூப்பிட்டாரு. எதிரியா நின்னு பாத்து எடுக்கறதும் ஒரு ரெக்கமண்டேஷன்தானே. ஒரே சீசன், அடுத்த வருஷம் எங்க ஊருக்கு ஹெட் கோச்சா வந்துட்டாரு.

இனிமேதான் எனக்கு புடிச்ச பாகம். 2002-ல மியூல்ஷூன்ற சின்ன ஊர்லேர்ந்து ஒரு பையன் வாக்-ஆன் குவார்ட்டர்பேக்கா சேர்றான், பேரு லிங்கன் ரைலி. அவன் ஆட்டத்துல பெருசா வரமாட்டான்னு லீச்சுக்கு தெரிஞ்சுடுச்சு, ஆனா ரூம்ல அவன் கேக்குற கேள்வியெல்லாம் கோச் கேக்குற கேள்வி. 2003-ல "ஆடுறத விட்டுட்டு என்கூட கோச்சிங்ல வா"ங்கற மாதிரி பேசி ஸ்டூடன்ட் அசிஸ்டென்ட் ஆக்கிட்டாரு. 2007-ல ரிசீவர்ஸ் (பாஸ் புடிக்கறவங்க) கோச், 2010-லேர்ந்து ஈஸ்ட் கரோலினால அஃபென்ஸ் கோஆர்டினேட்டர், 2015-ல ஓக்லஹோமா. அந்த வருஷமே நாட்டுலயே சிறந்த அசிஸ்டென்டுக்கு குடுக்கற பிராய்ல்ஸ் அவார்டு, 2017-ல 33 வயசுல ஹெட் கோச். டெக்ல அந்தப் பையன் ஆடின ஆட்டத்த யாராவது ஞாபகம் வச்சிருக்காங்களா கேளுங்க பாப்போம்.

லீச் 2022 டிசம்பர்ல இறந்துட்டாரு, மிசிசிப்பி ஸ்டேட் கோச்சா இருக்கும்போதே. இன்னைக்கும் மனசு கேக்கல.

சந்தேகம் சங்கர்:
சட்டப் படிப்பு முடிச்சிட்டு 3,000 டாலருக்கு போனதுக்கு அவங்க வீட்டம்மா என்ன சொன்னாங்கன்னு யாராவது எழுதுங்கப்பா.

ஆஸ்டின் அம்பிகா:
ஹை ஸ்கூல் வழிய யாரும் பெருசா பேசல, டெக்சாஸ்ல இருந்துட்டு அத விட முடியாது. பிரபு தம்பி, உங்க ஊர் பக்கத்துலயே வெள்ளிக்கிழமை ராத்திரி ஹை ஸ்கூல் மேட்ச்சுக்கு வர்ற கூட்டத்த பாத்திருப்பீங்க. சாட் மாரிஸ் லேக் டிராவிஸ் ஹை ஸ்கூல்ல 2008, 2009 ரெண்டு வருஷமும் ஸ்டேட் சாம்பியன். 2010-ல டல்சால கோஆர்டினேட்டர், 2011-ல க்ளெம்சன். ஜெஃப் டிரெய்லர் கில்மர் ஹை ஸ்கூல்ல வருஷக்கணக்கா ஹெட் கோச், 2015-ல டெக்சாஸ் யுனிவர்சிட்டி அசிஸ்டென்டா எடுத்துச்சு, இப்ப சான் ஆன்டோனியோல யூடிஎஸ்ஏ ஹெட் கோச். ஆர்கன்சால கஸ் மால்சான், ஸ்பிரிங்டேல் ஹை ஸ்கூல்லேர்ந்து 2006-ல நேரா ஆர்கன்சா யுனிவர்சிட்டி அஃபென்ஸ் கோஆர்டினேட்டர், 2010-ல ஆபர்ன் சாம்பியன் ஆனப்ப அந்த அஃபென்ஸ் இவரோடது.

எதுக்கு இவங்கள எடுக்கறாங்கன்னா ப்ளே வரையறதுக்கு மட்டும் இல்ல. ஊர் ஊரா இருக்கற ஹை ஸ்கூல் கோச்சுங்க இவங்க போன் பண்ணா எடுப்பாங்க. டெக்சாஸ்ல ஒரு நல்ல பையன் எந்த காலேஜுக்கு போகணும்னு வீட்டுல பேச்சு வரும்போது பக்கத்துல உக்காந்திருக்கறது அவனோட ஹை ஸ்கூல் கோச். "அவரு நம்ம ஆளு, பையன ஏமாத்தமாட்டாரு"ன்னு அவரு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

ஆனா ஒண்ணு, எடுக்கும்போது அந்தப் பையனையும் சேர்த்து கூட்டிட்டு வரணும்னு வாய் விட்டு சொல்லாத டீலும் உண்டு, அது எனக்கு புடிக்கல.

நாலாவதுடவுன்:
டயர் கம்பெனி, ஷாப்பிங் சென்டர் ரெண்டும் க்ளெம்சன் கதை, நான் சொல்றேன். டேபோ ஸ்வீனி அலபாமால வாக்-ஆன் ரிசீவர், 1992 சாம்பியன் டீம்ல இருந்தவரு, அங்கயே ஜிஏ, 1996-லேர்ந்து முழுநேர கோச். 2000 சீசன் முடிஞ்சதும் ஹெட் கோச் மைக் டுபோஸ தூக்கினாங்க, ஸ்டாஃபும் மொத்தமா காலி. அசிஸ்டென்ட் வாழ்க்கை இதுதான், உங்க பொசிஷன் நல்லா ஆடிச்சா இல்லையான்னு யாரும் கேக்கமாட்டாங்க, பெரியவர் போனா கூடாரமே போயிடும். வேற கோச் வேலை அமையல, பர்மிங்ஹாம்ல ரியல் எஸ்டேட் கம்பெனில சேர்ந்து ரெண்டு வருஷம் ஷாப்பிங் சென்டருக்கு கடை புடிச்சு குடுத்துட்டு இருந்தாரு. அந்த வேலையும் அலபாமால ஸ்ட்ரென்த் கோச்சா இருந்த ஒருத்தர் மூலமா வந்ததுதான். 2003-ல டாமி பௌடன் க்ளெம்சனுக்கு ரிசீவர்ஸ் கோச்சா கூப்பிட்டாரு, அவரும் அலபாமா பழக்கம். 2008 அக்டோபர்ல பௌடன் பாதி சீசன்ல போனப்ப, ஒரு நாள் கூட கோஆர்டினேட்டரா இருக்காத ஸ்வீனிகிட்ட டீம குடுத்தாங்க. 2016, 2018 சீசன் சாம்பியன்.

டயர்காரரு டோனி எலியட். க்ளெம்சன்ல வாக்-ஆன் ரிசீவர், இண்டஸ்ட்ரியல் இஞ்சினியரிங் படிச்சாரு, மிஷலின்ல ரெண்டு வருஷம். நல்ல சம்பளம், நல்ல வேலை. விட்டுட்டு சவுத் கரோலினா ஸ்டேட்ல கோச், அப்புறம் ஃபர்மன். 2003-ல அவரு ஆடினப்ப ரிசீவர்ஸ் கோச்சா வந்தது யாரு? ஸ்வீனி. 2011-ல அவரே கூப்பிட்டுக்கிட்டாரு. 2017 பிராய்ல்ஸ் அவார்டு, இப்ப விர்ஜினியா ஹெட் கோச்.

கொலம்பஸ் கார்த்தி:
எல்லாரும் ஜெயிச்ச ஆளுங்க கதையாவே சொல்லிட்டு இருக்கீங்க. இதே மாதிரி ஜிஏவா சேர்ந்து, ஊர் ஊரா வீடு மாத்தி, முப்பது வயசுல கையில ஒண்ணும் இல்லாம இன்ஷூரன்ஸ் விக்க போனவன் எத்தனை பேரு, அவனுக்கெல்லாம் பயோ பக்கமே இருக்காது. லேனிங் கார் ஓட்டிட்டு போனாரு, வேலை கிடைச்சது. கார் ஓட்டிட்டு போய் செக்யூரிட்டிகிட்ட பேசிட்டு திரும்பி வந்தவன் கதைய யாரு எழுதுவா? அதனால "கீழ இறங்கினாலும் சரியான ஆளுகிட்ட போ"ன்றத ஃபார்முலா மாதிரி சொல்லாதீங்க. இறங்கிட்டு அங்கயே நின்னவங்கதான் ஜாஸ்தி.

ஏதென்ஸ்வாசி:
அது ஒத்துக்க வேண்டிய பாயிண்ட். ஆனா மேல வந்தவங்கள்ல இப்படி ஒரு ஆளோட கை இல்லாம வந்தவங்க ஒருத்தர காட்டுங்களேன்.

ஆன் ஆர்பர் ரேவதி:
அந்த "கை" யாருக்கு நீளும்னும் பேசணும் இல்ல? அயோவா யுனிவர்சிட்டில கர்க் ஃபெரென்ட்ஸ் ஹெட் கோச், அவரு மகன் பிரையன் 2017-லேர்ந்து அஃபென்ஸ் கோஆர்டினேட்டர். சொந்தக்காரங்கள நேரா மேய்க்கக் கூடாதுன்னு யுனிவர்சிட்டில ரூல், அதனால பேப்பர்ல அவரு அத்லெடிக் டைரக்டருக்கு கீழ. என்ன ஒரு ஏற்பாடு பாருங்க. அஃபென்ஸ் படு மட்டமா போனதும் 2023-க்கு சம்பளத்த 8,50,000 டாலரா குறைச்சு, மேட்ச்சுக்கு சராசரியா 25 பாயிண்ட் எடுக்கணும்னு காண்ட்ராக்ட்லயே எழுதிட்டாங்க. நாடே ஒவ்வொரு வாரமும் உக்காந்து கணக்கு போட்டுச்சு. கிட்டக்கூட வரல, அக்டோபர்லயே இந்த சீசனோட முடிஞ்சுதுன்னு அறிவிச்சுட்டாங்க. அவரும் அங்க ஆடினவரு, என்எஃப்எல்ல பேட்ரியட்ஸ் டீம்ல கோச்சா இருந்தவரு, சும்மா வந்தவருன்னு சொல்லல. ஆனா வேற வீட்டுப் பையனா இருந்தா இத்தனை சீசன் குடுத்திருப்பாங்களா?

இதே விஷயத்துல இன்னொண்ணு. சில்வெஸ்டர் க்ரூம், அலபாமால ஆல்-அமெரிக்கன் சென்டர், அங்கயே ஹெட் கோச் பேர் பிரையன்ட் கிட்ட அசிஸ்டென்ட், அப்புறம் என்எஃப்எல்ல 17 வருஷம் அசிஸ்டென்ட். 2003-ல அலபாமா ஹெட் கோச் வேலைக்கு இன்டர்வியூ பண்ணாங்க. குடுத்தது யாருக்கு? மைக் ஷூலாக்கு. அவரும் அலபாமால ஆடினவருதான், ஆனா எங்கயும் ஹெட் கோச்சா இருந்ததில்ல, வயசுலயும் சின்னவரு, அப்பா என்எஃப்எல்ல பேர் போன கோச் டான் ஷூலா. அதே வருஷ கடைசில மிசிசிப்பி ஸ்டேட் க்ரூம எடுத்துச்சு, எஸ்இசி (தெற்கு பக்கத்து பெரிய காலேஜுங்க ஆடற லீக்) வரலாற்றுல முதல் கறுப்பின ஃபுட்பால் ஹெட் கோச் அவருதான். 2003-ல, முதல்! இன்னைக்கும் ஸ்டாஃப் லிஸ்ட்ட பாருங்க, ரன்னிங் பேக்ஸ், டிஃபென்ஸ் லைன் கோச்செல்லாம் கறுப்பினத்தவங்க நிறைய, குவார்ட்டர்பேக் கோச் பக்கம் வந்தா குறைஞ்சிடும். ஹெட் கோச் தேடும்போது பாக்கறது அஃபென்ஸ் கோஆர்டினேட்டர, அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் வர்றது குவார்ட்டர்பேக் ரூம்லேர்ந்து. எந்த ரூம்ல உக்கார வைக்கறாங்கன்றதுலயே பாதி முடிவாயிடுது.

லப்பக் லட்சுமணன்:
ரேவதி மேடம் சொன்ன கடைசி பாயிண்ட பத்தி தனி இழையே போடலாம். சீரியஸா.

ப்ளேனோ பிரபு:
இவ்ளோ வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. ஒரு டவுட்டு, இந்த பயோல எழுதறதெல்லாம் உண்மைதானா, யாராவது செக் பண்றாங்களா?

கொலம்பஸ் கார்த்தி:
இப்ப பண்றாங்க. 2001 டிசம்பர்ல நோட்டர் டேம் ஜார்ஜ் ஓ'லியரிய ஹெட் கோச்சா எடுத்துச்சு, ஜார்ஜியா டெக்ல ஹெட் கோச்சா இருந்தவரு. அஞ்சே நாள்ல ராஜினாமா. நியூ ஹாம்ப்ஷயர்ல மூணு வருஷம் ஆடினேன்னு பயோல இருந்துச்சு, ஒரு மேட்ச் கூட ஆடல. மாஸ்டர்ஸ் டிகிரின்னு இருந்ததும் பொய். எப்பவோ சின்ன வேலைக்கு எழுதின பயோ, ஒவ்வொரு காலேஜும் அப்படியே காப்பி பண்ணிட்டே வந்திருக்கு, தப்புன்னு கண்டுபுடிச்சது பத்திரிகைக்காரங்க. அப்புறம் சென்ட்ரல் ஃப்ளோரிடாக்கு போய் 2013 சீசன்ல ஃபியஸ்டா பவுலே ஜெயிச்சாரு, அது வேற.

நாலாவதுடவுன்:
அனலிஸ்ட் விஷயம் விட்டுப் போச்சு. வேலை போன ஹெட் கோச்சுங்களுக்கு சேபன் அலபாமால ஒரு மடமே நடத்தினாரு. பழைய காலேஜ் பைஅவுட் பணம் (காண்ட்ராக்ட் முடியறதுக்குள்ள தூக்கினதுக்கு ஈடு) குடுத்துட்டே இருக்கும், புது வேலைல சம்பாதிச்சா அந்த அளவு அதுல கழிச்சிடுவாங்க. அப்புறம் எதுக்கு புது இடத்துல அதிகம் கேக்கணும்? பட்ச் ஜோன்ஸுக்கு டென்னசி 80 லட்சம் டாலருக்கு மேல குடுக்க வேண்டியிருந்துச்சு, அவரு 2018-ல அலபாமால சேர்ந்தது 35,000 டாலருக்கு. சேபனுக்கு ஹெட் கோச் அனுபவம் உள்ள மூளை கிட்டத்தட்ட சும்மா கிடைச்சுது, பில்லு மட்டும் எதிரி வீட்டுக்கு போச்சு. ஸ்டீவ் சர்கீசியன் 2016-ல அங்க அனலிஸ்டா சேர்ந்து, கோஆர்டினேட்டர் லேன் கிஃபின் கிளம்பினதும் 2017 ஜனவரி ஃபைனலுக்கு அஃபென்ஸ கையில எடுத்தாரு. நடுவுல என்எஃப்எல் போயிட்டு 2019-ல திரும்ப அங்கயே கோஆர்டினேட்டர், 2020-ல பிராய்ல்ஸ், 2021-ல டெக்சாஸ் ஹெட் கோச்.

ஆஸ்டின் அம்பிகா:
எல்லாரும் ஓடிட்டேதான் இருக்காங்கன்னு நினைச்சிடாதீங்க. விர்ஜினியா டெக்ல பட் ஃபாஸ்டர்னு ஒருத்தர். மர்ரே ஸ்டேட்ல ஃபிராங்க் பீமர்கிட்ட ஆடினாரு, அவருகிட்டயே கோச்சிங் கத்துக்கிட்டாரு, 1987-ல பீமர் கூடவே பிளாக்ஸ்பர்க் வந்தாரு. 1995-லேர்ந்து டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர், பீமர் 2015-ல ரிடையர் ஆனப்புறமும் இருந்து 2019-லதான் ஓய்வு. ஒரே ஊரு, ஒரே மதிய சாப்பாட்டு டப்பா. டப்பான்னது நிஜமாவே டப்பாங்க, பழைய தகர லஞ்ச் பெட்டி, அவங்க டிஃபென்ஸுக்கே அதுதான் அடையாளம். ஹெட் கோச் ஆகாதது ஒரு குறைன்னு மத்தவங்கதான் சொல்லுவாங்க.

கொலம்பஸ் கார்த்தி:
ஹெட் கோச் நாற்காலியே வேணாம்னு எழுந்து வந்தவரும் உண்டு. 2024 பிப்ரவரில சிப் கெல்லி யூசிஎல்ஏ ஹெட் கோச் வேலைய விட்டுட்டு எங்க ஒஹாயோ ஸ்டேட்டுக்கு அஃபென்ஸ் கோஆர்டினேட்டரா வந்தாரு. யாருகிட்ட? ஹெட் கோச் ரயன் டேகிட்ட. ரயன் டே நியூ ஹாம்ப்ஷயர்ல குவார்ட்டர்பேக்கா இருந்தப்ப அவருக்கு கோச் சிப் கெல்லி. வாத்தியார் மாணவன்கிட்ட வேலைக்கு வந்து, அந்த சீசனே சாம்பியன்! பணம் சேகரிக்கறது, டோனர் டின்னர், போர்ட்டல் (காலேஜ் மாறணும்னு நினைக்கற ப்ளேயருங்க லிஸ்ட்) சண்டை எதுவும் வேணாம், ப்ளே வரையணும் அவ்ளோதான்னு ஒரு ஆளுக்கு தோணினா தப்பில்லையே. அடுத்த வருஷம் என்எஃப்எல் போயிட்டாருன்றது வேற வயித்தெரிச்சல். இன்னொண்ணு, இப்ப அசிஸ்டென்ட் சம்பளமும் முன்ன மாதிரி இல்ல. எங்க டிஃபென்ஸ பாத்துக்கிட்ட ஜிம் நோல்ஸ 2025-ல பென் ஸ்டேட் வருஷத்துக்கு 31 லட்சம் டாலர் கணக்குல தூக்கிட்டு போச்சு.

ஏதென்ஸ்வாசி:
ஆக கார்த்தி, ஆளு பக்கத்துல போறதுக்காக பதவில இறங்கறாங்கன்னு நான் சொன்னதுக்கு நீங்களே கெல்லிய கொண்டு வந்துட்டீங்க 🙂

கொலம்பஸ் கார்த்தி:
கோடிக்கணக்கா சம்பாதிச்ச அறுபது வயசுக்காரரு இறங்கறதும், வாடகை குடுக்க முடியாத 24 வயசு பையன் இறங்கறதும் ஒண்ணா சார்? விடுங்க.

ப்ளேனோ பிரபு:
இதுக்குதான் கேட்டேன், இப்ப சொல்லிடறேன். எங்க டீம்ல ஒருத்தரோட பையன், மூணாவது டிவிஷன் காலேஜ்ல பேக்கப் சேஃப்டி, அக்கவுண்டிங் கடைசி வருஷம். கோச் ஆகணும்னு நிக்கறான். அவங்க அப்பா என்கிட்ட புலம்பறாரு. என்ன சொல்லட்டும்?

கொலம்பஸ் கார்த்தி:
அக்கவுண்டிங்க முடிக்க சொல்லுங்க. டிகிரி இல்லாம ஜிஏவே ஆக முடியாது, மாஸ்டர்ஸ் சேர்ந்தாதான் அந்த சீட்டு. வீட்டுல ஒரு கெடு பேசிக்கட்டும், இத்தனை வருஷத்துக்குள்ள முழுநேர வேலை அமையலன்னா வேற வழின்னு. அப்பாக்கும் நிம்மதி, பையனுக்கும் நிம்மதி.

லப்பக் லட்சுமணன்:
பேக்கப்பா உக்காந்திருக்கற நேரத்துலயே ஆரம்பிக்கலாம். இருக்கற கோச்கிட்ட போய் வீடியோ பிரிக்கற வேலைய கேட்டு வாங்க சொல்லுங்க, சம்பளம் கேக்காம. ரைலி அப்படித்தான்.

ஏதென்ஸ்வாசி:
ஹெட் கோச்சுக்கு மெயில் போடறதுல பிரயோஜனம் இல்ல, படிக்கவே மாட்டாங்க. டிஃபென்ஸ் பேக்ஸ் கோச்சுங்களுக்கு தனித்தனியா எழுதணும், பெரிய காலேஜ் மட்டும் இல்லாம ரெண்டாவது டிவிஷனுக்கும். வெறும் ரெசுமே வேணாம், அவங்க டீமோட ஒரு மேட்ச்ச எடுத்து மூணாவது டவுன்ல (நாலு சான்ஸ்ல மூணாவது) என்னென்ன கவரேஜ் (பாஸ தடுக்கற முறை) ஆடினாங்கன்னு ரெண்டு பக்கத்துக்கு பிரிச்சு எழுதி சேர்த்து அனுப்பட்டும். அத படிச்சிட்டு யாராவது ஒருத்தர் "இங்க தப்பா எழுதிருக்கியே"ன்னு பதில் போட்டா போதும், பேச்சு ஆரம்பிச்சுடுச்சு. ஜனவரில கோச்சுங்க சங்கத்தோட மாநாடு வரும், ஹோட்டல் லாபி முழுக்க ரெசுமேயோட நிக்கற பசங்கதான், முடிஞ்சா அதுக்கும் போகட்டும், மெயில்ல பழகின ஆளு ஒருத்தராவது அங்க இருந்தா நல்லது.

நாலாவதுடவுன்:
மெயில பிப்ரவரில அனுப்ப சொல்லுங்க. மாநாடு முடிஞ்சதும் ஜனவரி மிச்சம் முழுக்க ரெக்ரூட்டிங்ல ஊர் சுத்திட்டு இருப்பாங்க, இன்பாக்ஸ் பக்கமே வரமாட்டாங்க.